ஹாமுக்கு இஸ்திரி

ஆள்காட்டி விரலை நாக்கில் ஒற்றி, இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒரு தட்டுத் தட்டுகிறார் சோலெங் அக்கா. ‘ஸ்’ என்று சத்தம் வந்தால் அந்தச் சூடு சட்டைக்கு ஆகும். ‘டப்’ என்று வந்தால் ஹாமுக்கு ஆகும். இப்போது ‘டப்’ என்கிறது. மேசைமேல் தோல் உரித்து வைத்திருக்கும் பன்றித்தொடையின் கொழுப்பில் பழுப்புச் சர்க்கரையை அள்ளித் தூவி, உள்ளங்கையால் தட்டிக்கொடுக்கிறார். அப்புறம் பெட்டியை அதன்மேல் வைத்து, சட்டை முதுகைத் தேய்ப்பதுபோல மேலிருந்து கீழே நிதானமாக இழுக்கிறார். புகை கிளம்புகிறது. சர்க்கரை கொதித்து, குமிழ் விட்டு, பளபளவென்று படிகிறது.

“அசையாதீங்க கபிடான், சுருக்கம் விழும்” என்கிறார் தொடையைப் பார்த்து.

கபிடான் எங்கள் பேட்டைத் தலைவர். ஹாம் அவர் வீட்டுடையது. எந்த வீட்டு ஹாமோ அந்த வீட்டுக்காரர் பெயரைச் சொல்லித்தான் அக்கா அதோடு பேசுவார். கபிடானும் அங்கேதான் இருக்கிறார். தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு, மூச்சு விடாமல், தன் ஹாமோடு சேர்ந்து அவரும் அசையாமல் நிற்கிறார்.

மலோலோஸ் நகரத்துத் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில், டிசம்பர் இருபத்துநாலாம் தேதி காலையில் இதுதான் காட்சி. அவரவர் வீட்டில் உப்பில் ஊறப்போட்டு, அன்னாசிச் சாறும் பீரும் கிராம்பும் பிரிஞ்சி இலையும் விட்டு வேகவைத்த தொடைகள் துணி போர்த்திக்கொண்டு பெஞ்சில் வரிசையாகக் காத்திருக்கும். வேகவைக்கிற வேலையை யாரும் செய்துவிடலாம். மேலே அந்தச் சர்க்கரைப் பூச்சு உட்காருவதில்தான் இருக்கிறது சூட்சுமம். மற்ற தெருக்களில் தோசைத் திருப்பியைப் பழுக்கக் காய்ச்சி வைத்து ஒற்றுவார்கள். அந்த ஹாம்கள் திட்டுத் திட்டாக, சொறி பிடித்த மாதிரி இருக்கும். எங்கள் தெரு ஹாம் அப்படி இல்லை. அதில் முகம் பார்க்கலாம். கபிடான் போன வருடம் அதில் பார்த்துத் தலை சீவியதை நான் என் கண்ணால் கண்டேன்.

வருடத்தின் மற்ற நாட்களில் சோலெங் அக்கா துணி தேய்க்கிறவர். அதற்கு மின்சாரப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். ஹாமுக்கென்று இருப்பது கரிப்பெட்டி. பித்தளை, நல்ல கனம். மூடியைப் பூட்டுகிற கொக்கி ஒரு சேவல் உருவத்தில் முன்னால் நிற்கும். இரண்டும் ஒன்றின் வேலையை ஒன்று செய்யாது. “சேவல் துணியைத் தொடாது. துணிப்பெட்டி கொழுப்பைத் தொடாது. தொட்டா வீடு உருப்படாது” என்பார். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால், “நான்தான். வேற யாரு போடுவா?” என்று பதில் வரும்.

பிடியை வலது கையால் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலைச் சேவலின் கொண்டையில் வைத்துத்தான் பெட்டியைத் திருப்புவார். உள்ளே கங்கு கனன்றுகொண்டிருக்கும்போது அந்தக் கொண்டை என்ன சூடு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு மூன்று நாள் தயிரில் விரலை விட்டுக்கொண்டு திரிந்தேன். அக்கா சிரித்தார். “இந்த விரல் செத்து இருவது வருசம் ஆச்சு தம்பி. அது இப்ப சேவலோடதுதான்.”

அந்தப் பிடியை இன்னொருவர் கையில் அவர் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. கணவர் தெம்யோங் முப்பத்துநாலு வருடமாகக் கரிக்கு விசிறுகிறார். அவ்வளவுதான் அவருக்கு உள்ள உரிமை. ஒரு கிறிஸ்துமஸுக்கு அக்காவுக்குக் கடுமையான காய்ச்சல். அப்போது மகள் மரிவிக், தானே தேய்ப்பதாகச் சொல்லிப் பெட்டிக்குக் கை நீட்டினாள். “உன் பல் விளக்கற பிரஷ்ஷை நான் கேட்டேனா?” என்று சொல்லிவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டே ஒன்பது ஹாம் தேய்த்தார். நடுநடுவே ஹாமின் மேலேயே சாய்ந்து தூங்கினார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுக்கிறார்.

கூலியாக வாங்குவது எலும்போரத்து முதல் துண்டு. அதைத் தின்றுகொண்டே வீட்டுக்காரர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வார். இவள் கிராம்பை எண்ணிப் போட்டிருக்கிறாள். இவன் பீரில் பாதியைத் தான் குடித்துவிட்டு மீதியைத்தான் ஹாமுக்கு விட்டிருக்கிறான். ஒருமுறை என் ஹாமைத் தின்றுவிட்டு வெகுநேரம் யோசித்தார். “தம்பி, இது தனியாளு சமையல். உப்பெல்லாம் ஒரே பக்கமா நிக்குது. சீக்கிரம் ஒரு கல்யாணம் பண்ணிக்க” என்றார். எனக்கு நாற்பத்தைந்து வயது. உப்பைச் சரிக்கட்டக் கல்யாணம் செய்யச் சொன்ன ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

இப்படி இருந்தவர் இந்த வருடம் தன் வீட்டு ஹாமை மட்டும் தேய்க்காமல் விட்டார். அந்தக் கதைக்கு வருகிறேன்.

மரிவிக்குக்கு எட்சல் என்றொரு பையனைப் பிடித்திருந்தது. கப்பலில் வேலை. ஜனவரியில் ஏறினால் பத்து மாதம் கழித்துத்தான் கரையைப் பார்ப்பான். அதனால் கிறிஸ்துமஸ் அன்று மதியமே அவன் அப்பா அம்மா முறைப்படி பெண் கேட்டு வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டில் பாதியைச் சுமந்துகொண்டு வரவேண்டும். பெண் வீட்டார் மீதியை வைக்கவேண்டும். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் பேச்சு. அந்தப் பேச்சில் நாள் குறித்தால் கல்யாணம். ஒரு முகம் சுளித்தாலும் அடுத்த வருடம், அல்லது அதுவும் இல்லை.

சுளிக்கிற முகம் யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எட்சலின் அம்மா எவாரிஸ்தா மேடம் முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தார். இன்றைக்கும் அவரைச் சந்தையில் தூரத்தில் பார்த்தால் என் கை தானாக நகத்தை மறைத்துக்கொள்ளும். அவர் நவம்பரில் ஒருநாள் மரிவிக்கிடம் பேச்சுவாக்கில் சொன்னாராம்: “உங்க தெருவுல துணி தேய்க்கற பெட்டியால சாப்பாட்டைத் தேய்க்கறாங்களாமே? சுகாதாரம்னு ஒண்ணு இருக்குன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலையா?”

அந்த ‘அவங்க’ தன் அம்மாதான் என்று சொல்ல மரிவிக்குக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதாள். இந்த ஒரு வருடம், நம் வீட்டு ஒரே ஒரு ஹாமை மட்டும் தேய்க்காமல் இருக்க முடியுமா என்று அம்மாவிடம் கெஞ்சினாள். பெட்டியையும் கண்ணில் படாமல் எடுத்து வைக்கச் சொன்னாள்.

சோலெங் அக்கா சேவலின் கொண்டையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில், “சரி. ஒரு வருசம்தானே. அம்மணமா போய் மேசையில உக்காரட்டும்” என்றார். சொன்னது ஹாமை. ஆனால் முகத்தைப் பார்த்தால் தன்னையே சொன்ன மாதிரி இருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

அம்மணமாக வைக்க மரிவிக்குக்கும் மனசில்லை. தெருவில் ஓவன் வைத்திருப்பவன் நான். எங்கள் பக்கத்தில் ஓவன் என்பது சட்டிபானை அடுக்கும் அலமாரி. என்னுடையதில் இரண்டு வாணலியும் ஒரு பழைய ரேடியோவும் இருந்தன. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்து, கிறிஸ்துமஸ் காலை பத்தரை மணிக்கு அக்காவின் ஹாமை உள்ளே வைத்தோம். அக்கா கண்ணாடிக் கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள என்ன பண்ணுது அது?”

“வேகுது அக்கா. சர்க்கரை தானா உருகும்.”

“தானா உருகுமா? ஒருத்தரும் கூட இல்லாமயா?”

பதினொன்றேகாலுக்குக் கபிடான் வீட்டில் பாட்டுப் பெட்டியைப் போட்டு, மைக்கைக் கையில் எடுத்தார். தெருவில் பதினாலு வீட்டில் பட்டப்பகலில் நட்சத்திர விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதல் பாட்டின் உச்சஸ்தாயியில் தெருமுனை மின்கம்பத்தில் ‘டமார்’ என்றொரு சத்தம். விளக்குகள் போயின. பாட்டுப் போயிற்று, அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. என் ஓவனும் போயிற்று.

கதவைத் திறந்து பார்த்தோம். ஹாம் வெளிறி, வேர்த்து, ஒரு வாரம் ஜுரத்தில் கிடந்தவன் மாதிரி இருந்தது. சர்க்கரை பாதி கரைந்து, பாதி மணலாகவே ஒட்டிக்கொண்டிருந்தது.  அக்காவின் வலது கட்டைவிரல் தன்னால் மேலும் கீழும் ஆடியது.

அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். ஹாமைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மேடம் குடையோடு முன்னால் வந்தார். எட்சல் பழக்கூடையோடு வந்தான். அவன் அப்பா மெலானியோ, தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சாதுவான மனிதர், ஒரு பெரிய நூடுல்ஸ் தேக்சாவை மடியில் கட்டிப்பிடித்தபடி வண்டியில் வந்திருந்தார். அவர் போட்டிருந்தது பாரோங். அன்னாசி நாரில் நெய்து பூவேலை செய்த மெல்லிய சட்டை அது, கல்யாணம் காட்சிக்குத்தான் வெளியே எடுப்பார்கள். தேக்சா தந்த அணைப்பில் அது கசக்கிப்போட்ட காகிதம்போல ஆகியிருந்தது.

மேடம் கணவரை மேலிருந்து கீழே பார்த்தார். பெண் கேட்க வந்த இடத்தில் இப்படியா நிற்பது என்றார். பிறகு அக்காவிடம், “உங்க வீட்டுல இஸ்திரிப் பெட்டி இருக்குமே? ஒரு நிமிசம் கிடைக்குமா?” என்று கேட்டார்.

ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் இல்லை என்று சொல்லலாம். துணி தேய்க்கிற வீட்டில் பெட்டி இல்லை என்று எப்படிச் சொல்வது? மரிவிக் அம்மாவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தார். மின்சாரப் பெட்டி செத்துக் கிடந்தது. உயிரோடு இருந்தது சேவல் ஒன்றுதான்.

“குடுங்க சார், அஞ்சு நிமிசம்” என்று சட்டையை வாங்கிக்கொண்டு அக்கா அடுக்களைக்குள் போனார். நானும் போனேன். உள்பனியனோடு மெலானியோ சாரும் கூச்சத்தோடு பின்னாலேயே வந்தார். தெம்யோங் பரணில் ஒளித்து வைத்திருந்த பெட்டியை இறக்கிக் கரியைப் பற்றவைத்தார். அக்கா பெட்டியின் அடியைக் கத்தியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, வாழையிலையில் நாலு தேய்ப்புத் தேய்த்து, இன்னொரு தடவை துடைத்தார். சேவலைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும்.

கைகள் இரண்டும் நன்றாக வந்தன. முன்பக்கம் பூவேலையில் ஒரு நூல்கூட நலுங்காமல் வந்தது. முதுகுக்கு வந்தபோது முன்னறையிலிருந்து மேடத்தின் குரல் கேட்டது: “ஆச்சா?”

ஒற்றை வார்த்தைதான். ஆனால் அந்தக் குரலுக்கு அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்து மணியே பயப்படும். அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தார். பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. முந்தின நாள் பதினோரு ஹாம் தேய்த்த பெட்டி அது. எத்தனை சுரண்டினாலும் விளிம்பு இடுக்கில் ஒளிந்திருந்த சர்க்கரையும் கொழுப்பும் சூடு ஏறியதும் மெல்ல இளகி இறங்கின. அன்னாசிச் சாற்றில் வெந்த தொடைக்கும் அன்னாசி நாரில் நெய்த சட்டைக்கும் சேவலுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? தன் வேலையைச் செய்துவிட்டது.

பெட்டியைத் தூக்கியபோது சட்டையின் நட்டநடு முதுகில் முழுசாக ஓர் இஸ்திரிப் பெட்டி பதிந்திருந்தது. கூர்முனை கழுத்தைப் பார்த்திருந்தது. பொன்பழுப்பில், ஒரு திட்டு இல்லாமல், முகம் பார்க்கிற பளபளப்போடு இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வருடத்திலேயே அழகான பூச்சு அதுதான்.

“எங்கம்மா நெய்யச் சொல்லி வாங்கினது” என்றார் மெலானியோ சார், பெருமூச்சு விட்டு. “என் கல்யாணத்துக்குப் போட்டது.”

சோலெங் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் வாழ்க்கையைத் தன் கையாலேயே தேய்த்துவிட்டதாகச் சொல்லி, சத்தம் வராமல் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அப்போது அந்தச் சாதுவான மனிதர் செய்ததை நான் மறக்கமாட்டேன். சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானை மாட்டினார். “முன்னாடி நல்லாத்தானே இருக்கு? நான் முதுகைக் காட்டாம இருந்துக்கறேன். தபாலாபீஸ்ல இருவத்தொம்போது வருசம் கவுண்டருக்குப் பின்னாடி உக்காந்தவன்தான், எனக்குப் பழக்கம்” என்றார். பிறகு தோளுக்கு மேல் மூக்கை நீட்டி முகர்ந்து, “ஆனா பயங்கரமா பசிக்குது” என்று சேர்த்துக்கொண்டார்.

அதன்பிறகு நடந்ததை நாடகமாகப் போட்டால் சிரித்தே செத்துவிடுவார்கள். எங்களுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அடுக்களையிலிருந்து மெலானியோ சார் பக்கவாட்டில் நண்டுபோல் நடந்து வெளியே வந்தார். அவர் முதுகுக்கும் மேடத்தின் கண்ணுக்கும் நடுவில் தட்டோடு அக்கா நடந்தார். அக்கா விட்ட இடத்தில் நான் விசிறியோடு நடந்தேன். சுவரோரத்து நாற்காலியில் அவரை உட்கார வைத்தோம். ஜெபம் சொல்ல எல்லோரும் எழுந்தபோது அவர் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பக்தி மிகுதி என்று மேடம் நினைத்திருப்பார். எட்சல் ஜன்னலைத் திறக்கச் சொன்னபோது, திறந்தால் காற்று வரும் என்றார் அவன் அப்பா. காற்றுக்குத்தான் திறக்கச் சொன்னேன் என்றான் அவன்.

மேசை நடுவில் ஹாம் அம்மணமாக உட்கார்ந்திருந்தது. மேடம் அதை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்தார்.

“இது வெந்துடுச்சா?”

“வெந்துடுச்சு மேடம். ஓவன்ல வெச்சது. ரொம்பச் சுத்தம்” என்றார் சோலெங் அக்கா. அந்தக் கடைசி வார்த்தை அவர் தொண்டையில் முள்ளாகக் குத்தியிருக்கும். மரிவிக் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேடம் ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். தண்ணீர் குடித்தார். நன்றாக இருப்பதாகச் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டாவது துண்டு எடுக்கவில்லை. அது போதும் எங்களுக்கு. பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும் முன்பு அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

காட்டிக்கொடுத்தது அக்காவின் நாய். மேசைமேல் ஒரு முழுத் தொடை இருக்க, அதை ஏறிட்டும் பார்க்காமல் அது மெலானியோ சாருக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் மூக்கை நுழைத்தது. வாலை ஆட்டியது. நாக்கைப் போட ஆரம்பித்தது. அவர் கூச்சத்தில் நெளிந்தார்.

“அந்த நாய் ஏன் உங்க முதுகையே பிடிச்சுத் தொங்குது?” என்றார் மேடம்.

“என்னைப் பிடிச்சுப் போச்சு போல.”

“முன்னாடி வந்து பிடிக்கட்டுமே.”

“வெக்கப்படுது.”

மேடம் கைத்துடைப்பை மடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். எழுந்தார். “திரும்பு” என்றார்.

நான் திரும்பிவிட்டேன். எட்சல் திரும்பினான். தெம்யோங் சுவரைப் பார்த்து நின்றார். வாசலில் வேடிக்கை பார்க்க வந்திருந்த கபிடான்கூடத் திரும்பித் தெருவைப் பார்த்து நின்றார். அவரும் மேடத்திடம் படித்தவர்தான். எல்லோருக்கும் கடைசியாக மெலானியோ சார் மெல்லத் திரும்பினார்.

எட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பெட்டி வடிவம் தகதகவென்று மின்னியது. ஓரத்தில் மட்டும் நாய் கொஞ்சம் நக்கியிருந்தது.  சோலெங் அக்கா எழுந்து நின்று, கைகளை முன்னால் கோத்துக்கொண்டார்.

“நான்தான் மேடம். என் பெட்டிதான். எங்க தெருவுல ஹாம் தேய்க்கறது நான்தான். இவ நல்ல பொண்ணு, என்கிட்ட வேண்டாம்னுதான் சொன்னா. கோவம்னா என்மேல வெச்சுக்கங்க. இவளை விட்டுடாதீங்க.”

 மேடம் கணவர் முதுகுப் பக்கம் குனிந்தார். நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டினார். சின்னக் கண்ணாடிச் சில்லுபோல ஒரு துணுக்கு பெயர்ந்து வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாயில் போட்டார்.

‘கடக்’ என்று கேட்டது.

“கிராம்பு” என்றார்.

“ஆமா மேடம்.”

“இது என்ன, பிரிஞ்சி இலையா?”

“ஆமா மேடம். கொஞ்சம் பீரும் இருக்கும். கபிடான் வீட்டு ஹாம்ல மிச்சம்.”

மேடம் இன்னொரு துணுக்கைப் பெயர்த்தார். இது கொஞ்சம் பெரியது. மெலானியோ சார் நெளியாமல் நின்றார். மூன்றாவதை எடுக்கும்போது மேடம், இந்தச் சட்டையால் முப்பத்தைந்து வருடத்தில் இன்றைக்குத்தான் ஒரு பிரயோஜனம் வந்திருக்கிறது என்றும், மாமியார் எடுத்துக்கொடுத்தது என்பதால் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். பிறகு மேசையில் இருந்த வெளிறிய தொடையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

“சட்டைக்கே இவ்வளவு செஞ்சிருக்கீங்க. அந்த ஹாம் என்ன பாவம் பண்ணிச்சு?”

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியவள் மரிவிக்தான். யாரும் சொல்லாமலே எழுந்து ஓடினாள். சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து தன் கையாலேயே அள்ளி அம்மாவின் ஹாம்மேல் தூவினாள். கண்ணைத் துடைக்க நேரமில்லாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள். தெம்யோங் விசிறியை எடுத்தார். சோலெங் அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். நடப்பதை அவர் இன்னும் நம்பவில்லை.

“பெட்டி ஆறிடப் போகுது, சம்பந்தி” என்றார் எவாரிஸ்தா மேடம்.

நாள் குறிப்பதெல்லாம் பிறகு நடந்தது. ஜனவரி ஏழாம் தேதி. ஆனால் கல்யாணம் நிச்சயமானது அந்த ஒரு வார்த்தையில்தான். எட்சல் வாயைப் பிளந்துகொண்டு இருந்தான். வாசலில் கபிடான் கைதட்டினார். மேடம் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அக்கா பெட்டியோடு வந்தார். விரலை நாக்கில் ஒற்றி அடியில் தட்டினார். ‘டப்’. முதல் இழுப்பு இழுத்தார். புகையும் மணமும் எழும்பின. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மேசையைச் சுற்றி வந்து அக்காவின் தோளோடு தோள் நின்றார். எவ்வளவு அழுத்தவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று கேட்டார். இந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுப்போகிறதே என்றார். ஏன் நேராக இழுக்கவில்லை என்று கேட்டார். அவர் வகுப்பில் யார் கோடு போட்டாலும் இப்படித்தான் பக்கத்தில் வந்து நிற்பார். அக்கா பாதியில் நிறுத்திவிட்டார்.  எனக்குப் பல் விளக்கும் பிரஷ் ஞாபகம் வந்தது. தெம்யோங்கின் விசிறி அந்தரத்தில் நின்றது.

சோலெங் அக்கா பெட்டியை மெதுவாகத் திருப்பி, அதன் பிடியைச் சம்பந்தியின் பக்கம் நீட்டினார். மேடம் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக ஹாமின்மேல் இழுத்தார்கள். அக்காவின் கட்டைவிரல் மட்டும் சேவலின் கொண்டையிலேயே இருந்தது.